வரைவு மீது கருத்துக் கேட்கிறார்கள், அனுப்பிய கருத்து எங்கே போகிறது?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வாட்ஸப் குழுவில் அடிக்கடி ஒரு செய்தி வரும்: “வரைவு விதிகள் மீது கருத்துச் சொல்ல நாளையோடு கடைசி, உடனே இந்த இணைப்பில் போய் அனுப்புங்கள்.” நானும் விடாமல் அனுப்புகிறேன். எந்தப் பிரிவு, என்ன ஆட்சேபணை, அதற்குப் பதில் என்ன இருக்கலாம் என்று படித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இருக்காது. சில மாதம் கழித்து அரசிதழில் இறுதி விதி வந்துவிடும். நாம் எழுதியதை யாராவது படித்தார்களா, படித்துவிட்டுத் தள்ளினார்களா, தள்ளியதற்குக் காரணம் என்ன, எதுவும் தெரியாது.

மத்திய அரசு மக்களிடம் கருத்துக் கேட்கும் மைகவ் தளம் தொடங்கியது 2014 ஜூலை 26-ல். அதே வருடத் தொடக்கத்தில்தான், சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை அமைச்சகத்தின் தளத்தில் போட வேண்டும் என்று மத்திய அரசு ஒரு கொள்கையும் வகுத்தது. அது சட்டம் இல்லை, நிர்வாக வழிகாட்டுதல்தான். இருந்தாலும் எழுத்தில் இருக்கிறது. இன்றைக்கு அமைச்சகத்திலிருந்து தாலுகா காவல் நிலையம் வரை எக்ஸ் கணக்கு, முகநூல் பக்கம், ரீல்ஸ் எல்லாம் வந்துவிட்டன. அரசு நம்மிடம் பேச வழி ஏராளம். நாம் சொன்னதற்கு அரசு பதில் எழுதும் வழி எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. இணையம் வழியாகக் கேட்ட கருத்து உண்மையிலேயே ஒரு முடிவை மாற்றிய இடம் எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைட்கண்ணன்

மாற்றிய இடம் ஒன்று இருக்கிறது, அண்ணே. ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்), நெட் நியூட்ராலிட்டி. அதாவது, இணையச் சேவை தரும் நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற கொள்கை.

2015 மார்ச் 27 அன்று ட்ராய் ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. நூறு பக்கத்துக்கு மேல், 20 கேள்விகள், சாதாரண ஆள் படிக்கவே முடியாத மொழி. சில தன்னார்வலர்கள் சேர்ந்து அந்தக் கேள்விகளை எளிமையாக்கி, பதிலையும் தயார் செய்து, ஒரு பொத்தானை அழுத்தினால் மின்னஞ்சல் போகிற மாதிரி ஒரு தளம் செய்தார்கள். சில வாரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் குவிந்தது. அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். எங்கள் விடுதியில் ஒரு மாடி முழுக்க அனுப்பினோம்.

டிசம்பரில் ட்ராய் இரண்டாவதாக ஓர் அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொரு இணையதளத்துக்கும் வேறு வேறு கட்டணம் வைக்கலாமா என்று மட்டும் கேட்டது. இந்த முறை ஃபேஸ்புக் களத்தில் இறங்கியது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஆதரித்து ட்ராய்க்கு எழுதச் சொல்லி, பயனர்களின் திரையிலேயே ஆயத்தக் கடிதத்தைக் காட்டியது. ஆதரவுக் கடிதங்கள் பல லட்சம் போயின. கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கடிதங்களில் பதில் இல்லை என்றும், அர்த்தமுள்ள ஆலோசனையை வெறும் தலை எண்ணும் வாக்கெடுப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்றும் ட்ராய் ஃபேஸ்புக்குக்கே கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது.

எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்திருந்தால் ஃப்ரீ பேசிக்ஸ்தான் ஜெயித்திருக்கும். காரணத்தைப் பார்த்து முடிவு செய்ததால்தான் அப்படி நடக்கவில்லை.

வானதி_மதுரை

கண்ணன் சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. ட்ராய் அப்படி நடந்துகொண்டது யாருடைய நல்ல மனதாலும் இல்லை. ட்ராய் சட்டம் 11(4) பிரிவு, ஆணையம் தன் வேலையில் வெளிப்படைத்தன்மையோடு இருக்க வேண்டும் என்கிறது. அதனால் ஆலோசனை அறிக்கை, கருத்து, எதிர்க்கருத்து, நேரடிக் கூட்டம், கடைசியில் காரணம் விளக்கும் குறிப்போடு ஒழுங்குமுறை என்று ஒரு நடைமுறை நிலைத்திருக்கிறது. யார் என்ன சொன்னார்கள் என்பது தளத்தில் கிடக்கும். தொலைபேசி நிறுவனம் எழுதியதை நீங்கள் படித்து அதற்கு மறுப்பு எழுதலாம்.

அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2020-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவைப் பாருங்கள். ஒரு திட்டத்துக்கு அனுமதி தருமுன் அதன் பாதிப்பை எப்படி மதிப்பிட வேண்டும் என்கிற விதி அது. மார்ச்சில் வெளியிட்டார்கள். நாடே ஊரடங்கில் அடைந்து கிடந்த நேரம். வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். சுரங்கம் வரப்போகிற கிராமத்துக்காரர் அதை எந்த மொழியில் படிப்பார்? தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று கால அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் வெளியிடச் சொன்னது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்களிடம் கருத்துக் கேட்பது நோக்கமானால், மொழிபெயர்க்கச் சொன்னதை எதிர்த்து எதற்கு மேல்முறையீடு என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

லட்சக்கணக்கில் கருத்து போனது. அமைச்சரின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பியதற்காக, பிரசாரம் நடத்திய ஒரு சூழல் அமைப்பின் தளத்துக்கு எதிராகத் தில்லி காவல்துறை முதலில் உபா சட்டத்தை (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பி, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. அந்த வரைவு முழு வடிவில் இறுதியாக்கப்படவே இல்லை. ஆனால் அதில் இருந்த சில மாற்றங்கள் தனித்தனி அறிவிக்கைகளாகவும் அலுவலகக் குறிப்பாணைகளாகவும் பின்னால் வந்தன. இதில் மக்கள் சொன்னது ஏற்கப்பட்டதா, இல்லையா? பதில் சொல்ல யாரிடமும் ஆவணம் இல்லை.

முத்துநகர்வாசி

வானதி மேடம் சொன்ன மொழி விஷயம்தான் எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. எங்கள் கடலோரத்தில் ஒரு திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. முழு அறிக்கை ஆங்கிலத்தில், தலையணை மாதிரி தடிமன். தமிழில் கொடுத்தது சுருக்கம் மட்டும். சட்டப்படி அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். எந்தத் துறையில் மீன்பாடு குறையும், சுடுதண்ணீர் எங்கே வந்து விழும், படகு எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்தத் தடிமனான புத்தகத்துக்குள் இருக்கிறது. சுருக்கத்தில் “பாதிப்பு மிகக் குறைவு” என்று ஒரே வரி.

ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்தக் கூட்டத்தில் ஆட்சியர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் ஆத்தா ஒருவர் மைக்கைப் பிடித்து, “ஐயா, இந்தத் துறையில காலையில எத்தனை வள்ளம் போகுதுன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கா?” என்று கேட்டார். கம்பெனி ஆள் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. அந்தக் கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறியது, வீடியோவில் பதிவானது. யாரும் அதை இல்லை என்று சொல்ல முடியாது. இந்த 2020 வரைவில் அந்தக் கூட்டத்துக்கான முன்னறிவிப்பைத்தான் 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கப் பார்த்தார்கள்.

இணையத்தில் கருத்துக் கேட்டால் அந்த ஆத்தாவின் கேள்வி எங்கே பதியும்? அவரிடம் மின்னஞ்சல் கிடையாது. ஆன்லைனில் கேட்டுவிட்டோம், நேரில் கூட்டம் வேண்டாம் என்று ஒரு நாள் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

கோப்பு_நடேசன்

நான் நகராட்சி ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்பது வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தம்பிகளுக்கும் அம்மாவுக்கும் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் முகநூல் பக்கமும் ட்விட்டர் கணக்கும் தொடங்கியபோது அதைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இரண்டு பையன்களை எடுத்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். யாராவது “எங்கள் தெருவில் சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் வருகிறது” என்று படத்தோடு போட்டால் அந்தப் பையன் அதை அப்படியே வார்டு ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) இருக்கும் வாட்ஸப் குழுவில் போடுவான். ஜே.இ. தம்ஸ் அப் போடுவார். பையன் பொதுவெளியில் “உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது” என்று பதில் எழுதுவான். அவன் வேலை முடிந்தது. அவனிடம் கோப்பு கிடையாது, கையெழுத்து அதிகாரம் கிடையாது, லாரியும் கிடையாது. வசவு மட்டும் அவனுக்கு விழும்.

செயலியில் வந்த புகார் இன்னொரு கதை. இத்தனை மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று கெடு. கெடு தாண்டினால் மேலதிகாரியின் திரையில் சிவப்பாகத் தெரியும். அதனால் ஆள் போவதற்கு முன்பே “தீர்வு காணப்பட்டது” என்று மூடிவிடுவார்கள். குழாய் உடைப்புக்கு ஒதுக்கீடே அடுத்த நிதியாண்டில்தான் வரும் என்றால் ஜே.இ. வேறு என்ன செய்வார்? “பணம் இல்லை, ஏப்ரலில் செய்வோம்” என்று எழுத அந்தச் செயலியில் இடமே வைக்கவில்லை. தீர்ந்தது, தீரவில்லை, இரண்டே பொத்தான். உண்மையைச் சொல்ல வழி இல்லாத ஒரு கருவியை ஊழியர் கையில் கொடுத்தால் அவர் பொய்தான் சொல்லியாக வேண்டும். இது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம்.

ஒப்பிட்டுப் பாருங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கிறீர்கள். எண் போட்டு ரசீது தருகிறார்கள். அந்த மனு எந்த அலுவலருக்குப் போனது என்று எழுத்தில் இருக்கும். பதிலில் கையெழுத்துப் போட்டவர் பெயர் தெரியும். அங்கேயும் அலைச்சல் உண்டு, எத்தனையோ மனு கிடப்பில் போகிறது. ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்பது தெரிகிறது.

பைட்கண்ணன்

நடேசன் ஐயா, அந்த இரண்டு பொத்தான் விஷயம் ஒவ்வொரு மென்பொருள்காரனும் படிக்க வேண்டியது. டெண்டர் ஆவணத்தில் “புகாரின் நிலை: திறந்தது / மூடியது” என்று எழுதியிருப்பார்கள், நாங்களும் அப்படியே செய்து கொடுத்துவிடுவோம். புகார் கொடுத்தவர் “சரி, முடிந்தது” என்று உறுதி செய்தால்தான் மூட முடியும் என்று வைப்பதற்குத் தொழில்நுட்பத்தில் ஒரு சிரமமும் இல்லை. கேட்டால் நிலுவைக் கணக்கு ஏறிவிடும் என்பார்கள்.

சிஞ்சு_செல்வம்

தைவானில் சிஞ்சு நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறோம். இங்கே நடப்பதைப் பற்றி இந்தியாவில் புகழ்ந்து எழுதுகிறார்கள். கொஞ்சம் உள்ளே இருந்து சொல்கிறேன்.

2014 மார்ச்சில் மாணவர்கள் இங்கே நாடாளுமன்றத்துக்குள் புகுந்து வாரக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். சீனாவோடு செய்த சேவை வர்த்தக ஒப்பந்தத்தை விவாதமே இல்லாமல் நிறைவேற்றப் பார்த்ததுதான் காரணம். சூரியகாந்தி இயக்கம் என்று பெயர். அதற்குப் பிறகுதான் ஆட்சியாளர்கள் கணினிக்காரர்களை அழைத்து வழி கேட்டார்கள். வி-தைவான் (vTaiwan) என்ற இணைய ஆலோசனை முறை அப்படித்தான் பிறந்தது. 2015-ல் ஊபர் பிரச்சினையை எடுத்துக்கொண்டார்கள். போல்.இஸ் (Pol.is) என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதில் நீங்கள் ஒரு கருத்தை எழுதலாம், மற்றவர் கருத்துக்கு ஒப்புகிறேன், மறுக்கிறேன், கடந்து போகிறேன் என்று சொல்லலாம். பதில் எழுத முடியாது. சண்டை போட வழியே கிடையாது. அது வாக்குகளைப் பார்த்து மக்களைக் குழுவாகப் பிரித்துக் காட்டும், அப்புறம் எல்லாக் குழுவும் ஒத்துக்கொள்கிற வாக்கியங்களை மேலே கொண்டுவரும். டாக்சி ஓட்டுநரும் ஊபர் ஓட்டுநரும் பயணியும் காப்பீடு, பதிவு, பாதுகாப்பு விஷயங்களில் ஒத்துப்போனார்கள். 2016-ல் செயலி வழி டாக்சிக்கு விதிகள் வந்தன.

ஆனால் அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. சில வருடங்களில் பயன்பாடும் குறைந்துவிட்டது. இன்றைக்கும் நிலைத்து நடப்பது அவ்வளவு பேசப்படாத இன்னொன்று. ஜாயின் என்று அரசே நடத்தும் தளம். அதில் ஒரு கோரிக்கைக்கு 60 நாளில் 5,000 கையெழுத்துச் சேர்ந்தால் சம்பந்தப்பட்ட அமைச்சகம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்திலும் இதற்கென்றே பங்கேற்பு அலுவலர் இருக்கிறார். அவர் ஒப்பந்தப் பையன் இல்லை, அமைச்சகத்தின் சொந்த ஊழியர்.

ஒரு சம்பவம். 2017-ல் வரி தாக்கல் செய்யும் மென்பொருள் பயன்படுத்தவே முடியவில்லை என்று ஒரு வடிவமைப்பாளர் ஜாயினில் கோபமாக எழுதினார். கூட்டமே சேர்ந்து திட்டியது. நிதி அமைச்சகத்தின் பங்கேற்பு அலுவலர், திட்டியவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்தார். எந்தத் திரையில் மாட்டிக்கொண்டார்கள், எங்கே கைவிட்டார்கள் என்று சுவரில் ஒட்டி ஒட்டிப் பேசினார்கள். அடுத்த வருடத் தாக்கலுக்குப் புது வடிவம் வந்தது.

வானதி_மதுரை

செல்வம், அந்த “இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில்” என்பதுதான் இந்த இழையில் இதுவரை வந்ததில் முக்கியமான வரி என்று நினைக்கிறேன். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்திலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில், 1,00,000 வந்தால் விவாதத்துக்குப் பரிசீலனை. 2019-ல் பிரெக்ஸிட்டைக் கைவிடச் சொன்ன மனுவுக்கு 60 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. அரசு மறுத்துவிட்டது. ஆனால் மறுப்பு எழுத்தில் இருக்கிறது, நாடாளுமன்றத்திலும் விவாதித்தார்கள்.

ஐஸ்லாந்து இதற்கு நேர் எதிர். 2011-ல் 25 பேர் கொண்ட மன்றம் புது அரசியல் சாசனத்தை எழுதியது. வரைவை இணையத்தில் போட்டு, முகநூலில் மக்களோடு பேசிப் பேசித் திருத்தினார்கள். 2012 வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் கிடைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. கேட்ட விதம் அருமை. கேட்டதை ஏற்கவோ, ஏற்காததற்குக் காரணம் சொல்லவோ கடமைப்பட்டவர் மட்டும் யாரும் இல்லை.

கரிசல்_பாரதி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கருத்தை எல்லாம் பொதுவில் போடச் சொல்கிறீர்கள். 2015 ஏப்ரலில் ட்ராய் அந்தப் பத்து லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்துத் தளத்தில் போட்டது நினைவிருக்கிறதா? என் முகவரியும் அதில் இருந்தது. ஊரில் ஒரு குவாரிக்கு எதிராக நான் எழுதினால், என் பெயரோடு அதை வெளியிட்டால், மறுநாள் என் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

காவிரிக்கரை

பாரதி சொல்வது முழுக்க நியாயம். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுக் கருத்தை வெளியிட முடியும், அப்படித்தான் செய்ய வேண்டும். தனி ஆளுக்கு அந்த மறைப்பு உரிமை. கம்பெனி, தொழில் சங்கம், கட்சி எழுதினால் பெயரோடு வெளியிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

இப்போது நடப்பது என்ன என்றால், இந்தப் பயத்தைக் காரணமாகக் காட்டி எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். 2022 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவு வந்தபோது கருத்துகளை மைகவ் வழியாக மட்டும் அனுப்பச் சொன்னார்கள், எதுவும் வெளியிடப்படாது என்றும் அறிவித்தார்கள். 2025 ஜனவரி 3 அன்று அதன் விதிகளின் வரைவு வந்தபோதும் அதேதான். நம்பிக்கையின் பேரில் பெறப்படுகிறது என்று ஒரு காரணம். பெரிய நிறுவனங்கள் எந்தப் பிரிவை நீர்த்துப்போகச் செய்யக் கேட்டன, அது இறுதி வடிவத்தில் நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வழியே இல்லை. என் கோபம் இங்கேதான். நம் கருத்து தோற்கலாம். எதனிடம் தோற்றது என்று தெரிய வேண்டாமா?

வானதி, தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்க முடியுமா?

வானதி_மதுரை

கேட்கலாம். 8(1)(e) பிரிவைக் காட்டி, நம்பிக்கை உறவில் பெற்ற தகவல் என்று மறுப்பார்கள். ஆனால் 2011-ல் விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வு வாரியத்துக்கும் தேர்வு எழுதியவருக்கும் இடையே அப்படி ஓர் உறவு இல்லை என்று சொன்னது. அதே தர்க்கத்தை வைத்து மேல்முறையீட்டில் வாதாட இடம் இருக்கிறது. பொது நலன் அதிகமாக இருந்தால் கொடுக்கலாம் என்றும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. 4(1)(c) பிரிவையும் சேர்த்துக் காட்டுங்கள். மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய உண்மைகளை அரசே வெளியிட வேண்டும் என்கிறது அது.

கோப்பு_நடேசன்

காவிரிக்கரை தம்பி, கேட்கிற விதம் முக்கியம். “என் கருத்தை ஏன் ஏற்கவில்லை?” என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைக் கேளுங்கள். இந்த வரைவின் மீது மொத்தம் எத்தனை கருத்துகள் பெறப்பட்டன, அவற்றைத் தொகுத்த அட்டவணையின் நகல், அதன் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல், கருத்துச் சுருக்கம் தளத்தில் வெளியிடப்பட்ட தேதி. இந்த நான்கும் போதும். எங்கள் இலாகாவில் பத்து ஆட்சேபணை வந்தாலே பத்தி போட்டு ஓர் அட்டவணை தயாரிப்போம்: ஆட்சேபித்தவர், ஆட்சேபணை, அலுவலகக் குறிப்பு. அமைச்சகத்தில் அது இல்லாமல் கோப்பு நகராது. அட்டவணை இல்லை என்று பதில் வந்தால் யாருமே படிக்கவில்லை என்று பொருள். அதுவும் எழுத்தில் கிடைத்துவிடும்.

கட்டணம் பத்து ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

முத்துநகர்வாசி

ஐயா சொன்ன நான்கையும் எங்கள் சங்கத்துப் பிள்ளைகளிடம் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கூட்டத்தின் குறிப்பும் வீடியோவும் டெல்லியில் திட்டங்களைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டுக் குழு முன்னால் வைக்கப்பட்டதா என்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்துக் கேட்கிறோம். கூட்டம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தியது, குழு டெல்லியில் இருக்கிறது. மனுவை யாருக்கு அனுப்புவது?

கோப்பு_நடேசன்

இரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். வாரியத்திடம், குறிப்பை எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். டெல்லி அமைச்சகத்திடம், அதே குறிப்பு எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது, எந்தக் கூட்டத்தில் வைக்கப்பட்டது என்று கேளுங்கள். இரண்டு பதிலும் வந்ததும் இங்கே போடுங்கள், தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்து மேல்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன்.